ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்: பெரிய பெரிய வார்த்தைகளை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?

பொருநை:
எல்லோருக்கும் வணக்கம். நான் ஸ்டாஃப் நர்ஸ். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, அங்குள்ள நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பேண்ட் (9 வரையிலான மதிப்பெண்) 7 கேட்கிறது, ரைட்டிங்கில் 6.5. எனக்கு மற்ற மூன்றும் வந்துவிட்டன, ரீடிங்கில் 7.5. ரைட்டிங் மட்டும் 6-இல் நிற்கிறது. கோச்சிங் சென்டரில் 'பேண்ட் 9 வார்த்தைகள்' என்று ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் ஒரே ஒரு பொருள். கட்டுரைக்குப் பத்துச் சொல்லாவது இதிலிருந்து வர வேண்டும் என்கிறார்கள். நைட் டியூட்டி முடித்து வந்து இதைத்தான் உருப்போடுகிறேன். பலன் இருக்குமா?

ராக்கோழி:
இருக்கும் சிஸ்டர், விடாதீர்கள். ரைட்டிங் மதிப்பெண்ணில் கால் பங்கு லெக்சிகல் ரிசோர்ஸ், அதாவது சொல்வளத்துக்கு. பேண்ட் 7-க்கான குறிப்பிலேயே அதிகம் புழங்காத சொற்கள் வர வேண்டும் என்று இருக்கிறது. 'குட்', 'பேட்', 'பிக் ப்ராப்ளம்' என்றே எழுதிக்கொண்டிருந்தால் எக்ஸாமினர் எதை வைத்து ஏற்றிப் போடுவார்?

பட்டியல் என்றாலே இளப்பமாகப் பார்க்கிறார்கள். நியூசிலாந்தின் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட அகாடெமிக் வேர்ட் லிஸ்ட்டும் பட்டியல்தான். மொத்தம் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் சேர்ந்த தொகுதிகள். கல்வி சார்ந்த எழுத்தில் வரும் சொற்களில் ஏறக்குறைய 10 சதவீதம் அதற்குள் அடங்கிவிடும். நாளுக்குப் பத்து என்று வைத்தால் இரண்டு மாதத்தில் முடியும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நேரம் மிச்சமாகும் வழி எனக்குத் தெரியவில்லை.

கரும்பலகை:
ராக்கோழி, அந்த பேண்ட் 7 வரியைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அரிய சொற்களை, நடையும் சொற்சேர்க்கையும் ஓரளவு அறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதுதான் முழு வரி. அரிய சொல்லை முயன்று, அது பிசகினால் அதற்கும் இடம் இருக்கிறது. அது பேண்ட் 6. சிஸ்டர் இப்போது நிற்கும் இடம்.

நான் கட்டுரை திருத்துகிறவன். அடிக்கடி பார்ப்பது ஒன்றைச் சொல்கிறேன். 'எக்ஸாசர்பேட்' என்ற சொல் இந்தப் புத்தகங்களில் எல்லாம் இருக்கும், பக்கத்தில் 'மோசமாக்கு' என்று போட்டிருக்கும். மாணவர் அதை நம்பி, ஜன நெருக்கடி மருத்துவ வசதிகளை எக்ஸாசர்பேட் செய்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதுவார். தமிழில் வசதியை மோசமாக்கலாம், தப்பில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே கெட்டுக்கிடப்பதோடுதான் சேரும்: பிரச்சினை, தட்டுப்பாடு, ஆஸ்துமா. மருத்துவ வசதியோடு சேராது. அதே இடத்தில் 'புட் எ ஸ்ட்ரெய்ன் ஆன் ஹெல்த் சர்வீசஸ்', அதாவது மருத்துவச் சேவைக்கு நெருக்கடி தருகிறது, என்று எழுதினால் கச்சிதம். அதில் எந்தச் சொல் கஷ்டம்? ஒன்றுமில்லை. ஆனால் 'ஸ்ட்ரெய்ன்' வரும்போது 'புட்' வர வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். எக்ஸாமினர் தேடுவது அதைத்தான்.

நம் மொழியிலும் இதுதானே நடக்கிறது. பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம் என்று மூன்றுக்கும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்', காயத்துக்கு 'சீரியஸ்'. 'பலத்த' என்று ஒரு பொருள் மட்டும் போட்ட பட்டியல் இந்த மூன்றையும் எப்படிப் பிரித்துக் காட்டும்?

ராக்கோழி:
அது அந்தப் புத்தகத்தின் கோளாறு. அதை வைத்துப் பட்டியல் படிப்பதே தப்பு என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ரீடிங்கை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். மூன்று நீண்ட வாசிப்புப் பகுதிகள், 40 கேள்விகள், 60 நிமிடம், அகராதி கிடையாது. ஒரு பக்கத்தில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். அத்தனையையும் நாவலும் செய்தித்தாளும் வாசித்தே சேர்க்கலாம் என்றால், இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்குச் சரி. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவன் நான். பட்டியல் இல்லையென்றால் எனக்கு வாசிக்கும் தைரியமே வந்திருக்காது.

கரும்பலகை:
ரீடிங்குக்கு நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். பார்த்ததும் பொருள் புரிந்தால் போதும் என்ற இடத்தில் பட்டியல் நன்றாகவே வேலை செய்யும். தமிழ் வழியில் வந்தவர்களுக்கு அது பெரிய துணை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவருக்கு ரீடிங்கில் 7.5 இருக்கிறதே! அவருக்குத் தெரிந்த சொற்கள் போதுமான அளவு இருக்கின்றன. எழுதும்போது அவை இடம் மாறிப் போய் உட்காருகின்றன, அவ்வளவுதான். அவருக்கு இன்னும் 570 சொல் கொடுத்தால், பிசக இன்னும் 570 இடம்.

ரைட்டிங்கின் டாஸ்க் 1-இல், அதாவது வரைபடத்தை விவரிக்கும் பகுதியில், இன்னொரு ஆபத்தும் உண்டு. வரைபடத்தில் 12 சதவீதம் 14 ஆகியிருக்கும். பட்டியலில் படித்ததைப் போட்டே தீர வேண்டும் என்று 'ஸ்கைராக்கெட்டட்', அதாவது விண்ணைத் தொட எகிறியது, என்று எழுதுவார்கள். அங்கே சொல் மட்டும் தப்பாகவில்லை, தகவலே பொய்யாகிவிட்டது. சொல்வளத்திலும் போகும், தகவலிலும் போகும், இரண்டு இடத்தில் மதிப்பெண் குறையும்.

மழைச்சாரல்:
குறுக்கே வருகிறேன். பொருநை, நீங்கள் ஓஇடி, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு, எழுதலாமே? அதே கவுன்சில் அதையும் ஏற்கிறது. மூன்று பிரிவில் பி கிரேடு, ரைட்டிங்கில் சி ப்ளஸ் போதும். ரைட்டிங் 45 நிமிடம். பேஷன்ட் கேஸ் நோட்ஸ் கொடுத்து ரெஃபரல் அல்லது டிஸ்சார்ஜ் லெட்டர் எழுதச் சொல்வார்கள். வார்டில் புழங்கும் சொற்களே போதும். ஃபீஸ்தான் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட அதிகம்.

ராக்கோழி:
அது நல்ல யோசனை. ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சொல்லை ஓர் அட்டையில் எழுதி, அதன் பின்பக்கம் தமிழ்ப் பொருளுக்குப் பதிலாக முழு வாக்கியம் எழுதுங்கள் சிஸ்டர். அன்கி செயலியில் போட்டால் மறக்கும் நேரம் பார்த்து அதுவே திரும்பக் காட்டும். அப்போது கரும்பலகை சொல்லும் சேர்க்கையும் சேர்ந்தே மனதில் நிற்கும்.

கரும்பலகை:
வாக்கியத்தோடு என்றால் எனக்குச் சண்டையே இல்லை. 'கட்டுரைக்குப் பத்து' என்ற கணக்கை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொல்லைத் திணிப்பதற்காக வாக்கியத்தை வளைக்கிற பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பொருநை:
இருவருக்கும் நன்றி. ஓஇடி ஃபீஸ் இப்போது என்னால் முடியாது, அதனால் ஐஇஎல்டிஎஸ்தான். புத்தகத்திலிருந்து வேலை சம்பந்தப்பட்ட சொற்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆஃப். நர்ஸ் பற்றாக்குறை பற்றி ஒரு டாஸ்க் 2 கட்டுரை எழுதி இங்கே போட்டால் திருத்துவீர்களா சார்? ராக்கோழி அண்ணா, நீங்களும்.

கரும்பலகை:
கட்டாயம். 250 சொல்லுக்குக் குறையாமல் போடுங்கள்.

ராக்கோழி:
40 நிமிடம் அலாரம் வைத்து எழுதுங்கள். அடித்துத் திருத்திய இடத்தையும் அழிக்காமல் அப்படியே ஃபோட்டோ எடுத்துப் போடுங்கள்.