சேர்ஜன் பில்லோடு பிள்ளை வைத்தியர் பில்லும் வருமா?

கேள்வி – ஹட்டன் டீச்சர்:
போன வாரம் கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மகனுக்கு அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷன். 8 வயது, 22 கிலோ. தியேட்டர், மயக்க மருந்து, சேர்ஜன் காசெல்லாம் சரி. அதற்குக் கீழே சேர்ஜனுக்கு நாளுக்கொரு விசிட், சிறுவர் வைத்திய நிபுணருக்கும் நாளுக்கொரு விசிட். வெட்டியது ஒருவர், காசு இரண்டு பேருக்கா? அரச ஊழியர் காப்புறுதியான அக்ரஹாரவுக்கு அனுப்பமுன் கேட்கிறேன்.

பதில் – ஓய்வுபெற்ற மிஸ்ஸி (தாதி), நுவரெலியா:
டீச்சர், மகனுக்கு வீசிங் இருக்கா? சேர்ஜன் வயிற்றையும் தையலையும்தான் பார்ப்பார். நெஞ்சு, மருந்தளவு, சேலைன் எல்லாம் பிள்ளை வைத்தியர் தலையில். 22 கிலோவுக்கு சேலைன் மணிக்கு 62 மில்லிலீட்டர்: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 4, அடுத்த 10க்கு 2, மிச்சத்துக்கு 1. உப்புக் குறைந்த சேலைன் கூடிப்போனால் சோடியம் இறங்கி வலிப்பே வரும். சும்மா எட்டிப் பார்க்கிற வேலை இல்லை அது. பெட்ஹெட் டிக்கட்டில் (வார்டில் நோயாளியைப் பற்றி எழுதும் குறிப்பேடு) அவர் என்ன எழுதினார் என்று கேளுங்கள். தினமும் ஒரே வரிதான் என்றால் விடாதீர்கள்.

பதில் – கொட்டகலைப் பையன், கொழும்பு:
நான் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில் கோடிங் (நோய்க்கும் வைத்தியத்துக்கும் பில்லில் குறி எண் போடும் வேலை) பார்க்கிறேன். அங்கே அப்பெண்டிக்ஸுக்கு சேர்ஜன் வாங்கும் ஒரே தொகையில், அப்புறம் 90 நாளுக்கு வழக்கமான பார்வையும் அடக்கம். பிள்ளை வைத்தியரும் அதே அப்பெண்டிக்ஸைக் காரணமாக எழுதி விசிட் போட்டால் இன்ஷூரன்ஸ் மறுக்கத்தான் பார்க்கும். வீசிங்குக்கு வைத்தியம் என்று எழுதினால் அவர் காசு தனி. சேர்ஜன் பின்கவனிப்பை இன்னொருவரிடம் முழுதாக ஒப்படைத்தால், எழுத்தில் ஒத்துக்கொண்டு 54, 55 என்ற குறிகளைப் போட்டு அந்தத் தொகையைப் பிரித்துக்கொள்வார்கள். அந்த ஊர்ச் சட்டத்தை இங்கே காட்டி வாதாட முடியாதுதான். ஆனால் எனக்கு உறுத்துவது பிள்ளை வைத்தியர் காசு இல்லை டீச்சர், சேர்ஜனின் விசிட் காசு. ஒப்பரேஷன் காசில் அது சேரவில்லையா என்று கேளுங்கள்.

ஹட்டன் டீச்சர்:
வீசிங் இருக்கு மிஸ்ஸி. ஒப்பரேஷன் அன்று இரவே நெபுலைஸ் செய்தார்கள், நான்தான் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை! வெள்ளிக்கிழமை தையல் காட்டப் போகும்போது கார்ட்டில் எழுதி வாங்குகிறேன். தம்பி சொன்னதை பில் கவுண்டரில் கேட்கிறேன், சேர்ஜனிடம் நேரே கேட்க வாய் வராது.