4 மாதத்தில் காயில் போன போர் மோட்டார்: கடைக்காரர் கையை விரித்தால்?

மேலூர்க்காரன்:
மதுரையில வாங்கின 5 எச்.பி. சப்மெர்சிபிள் (போருக்குள்ள இறக்குற மோட்டார்). விலை 32,000. 4 மாசத்துல காயில் எரிஞ்சிருச்சு. வாரண்டி ஒரு வருஷம். கடையில "வோல்டேஜ் கோளாறு, வாரண்டி செல்லாது, காசு குடுத்தா கட்டித் தர்றோம்"ங்கிறாங்க. விவசாயத்துக்கு வாங்கின மோட்டாருக்கு நுகர்வோர் கோர்ட் போகலாமா?

வைகைக்கரை:
தாராளமா போகலாம்ணே. விவசாயியும் நுகர்வோர்தான்னு 2012-லயே விதை வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. முதல்ல ஒண்ணு: ரீவைண்டிங்குக்கு (காயிலைப் புதுசா கட்டுறதுக்கு) மட்டும் குடுத்துறாதீங்க. பழைய கம்பியை உருவிட்டா சாட்சியே போச்சு. வோல்டேஜ்தான் காரணம்னா அதை ஜாப் கார்டுல (சர்வீஸ் சீட்டு) எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவாங்க.

காயில் பட்டறை:
நீங்களா கழட்டாதீங்க, "கை வச்சுட்டீங்க"ன்னு திருப்பிருவாங்க. அவங்க ஆளை வச்சுப் பிரிச்சு வீடியோ எடுங்க. மூணு பேஸ் காயில்ல ரெண்டு கருகி ஒண்ணு புதுசா இருந்தா, பெரும்பாலும் கரண்ட்ல ஒரு பேஸ் இல்லாம ஓடியிருக்கும். கேஸ் நிக்கிறது கஷ்டம். மூணும் ஒரே மாதிரி கருகினா ஓவர்லோடு, இல்லைன்னா குறைஞ்ச வோல்டேஜ். ஒரு காயில்ல ஒரே இடத்துல வெடிச்சு மீதியெல்லாம் பளபளன்னு இருந்தா, கம்பெனி காயில் கட்டினதுலயே கோளாறுன்னு சந்தேகப்படலாம். பேனல்ல பிரிவென்டர் (ஒரு பேஸ் போனா மோட்டாரை நிறுத்துற கருவி) இருக்கா? எதிர்த்தரப்பு முதல்ல அதைத்தான் கேக்கும்.

மேலூர்க்காரன்:
பிரிவென்டர் இருக்கு. ஆனா பில் இல்லை, எஸ்டிமேட் சீட்டுதான்.

வைகைக்கரை:
வாரண்டி கார்டுல கடை சீலும் சீரியல் நம்பரும் இருந்தா, ஜிபே-ல பணம் போன கணக்கோட சேர்த்துக் காட்டலாம். மோட்டார் பிளேட்டைக் கிட்டத்துல போட்டோ எடுத்து வைங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் பாருங்க. சில கம்பெனி அதுலயே வழிக்கு வரும். வரலையா, கடைக்கும் கம்பெனிக்கும் டெலிவரி ஆனதுக்கான அத்தாட்சியோட ஸ்பீடு போஸ்ட்ல நோட்டீஸ், 15 நாள் கெடு. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி கோயம்புத்தூர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மதுரையிலேயே போடலாம். பொருளுக்குக் குடுத்த விலை 5 லட்சம் வரைன்னா கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கோளாறு தெரிஞ்சதுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், கூடிப்போனா இன்னும் 15. ஆய்வகச் சோதனை தேவைப்பட்டா ஆணையமே சீல் வச்சு அனுப்பும். அதுக்கான பணத்தை முதல்ல நீங்க கட்டணும்.

மாத்து மோட்டார் இல்லைன்னா பணம், ரெண்டையும் மாற்றுக் கோரிக்கையா எழுதுங்க. பயிர் காஞ்ச நஷ்டம் கேக்கிறதா இருந்தா வி.ஏ.ஓ.கிட்ட அடங்கல் (எந்த நிலத்துல என்ன பயிர்னு காட்டுற கணக்கு) வாங்கி, தேதியோட வயல் போட்டோவும் சேருங்க. வெறும் தொகையை எழுதினா வெட்டிருவாங்க.