உதவிப்பணம், கொடுப்பனவு, வேலை: டி.எஸ். கந்தோரில எந்த மேசைக்குப் போறது? அனுபவப் பகிர்வு

கோப்பாயான்:

பிரதேச செயலகம் ஒரு கட்டடம்தான், ஆனால் அதுக்குள்ள இரண்டு அரசாங்கத்தின்ர காசு ஓடுது. இது விளங்கினால் அரைவாசி அலைச்சல் மிச்சம். அஸ்வெசும (வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு குடுக்கிற அரசாங்கத் திட்டம்), முதியோர் கொடுப்பனவு, வலுவிழந்தோர் கொடுப்பனவு, சிறுநீரக நோயாளர் கொடுப்பனவு எல்லாம் கொழும்பால வாற காசு. ஊரில பிச்சைச் சம்பளம் எண்டு சொல்லுற பொதுசன மாதாந்த உதவிப்பணம் மாகாண சமூக சேவைகள் திணைக்களத்துக்குரியது. 1987-இல் வந்த 13-ஆம் திருத்தம் சமூக சேவையை மாகாணத்துக்குக் குடுத்ததால வந்த பிரிவு இது. 2018 ஐப்பசியோட வடமாகாண சபையின்ர காலம் முடிஞ்சாலும் திணைக்களம் ஆளுநருக்குக் கீழ நடக்குது.

பிச்சைச் சம்பளம் கேக்கிறவர் விதானையாரின்ர (கிராம அலுவலரின்ர) உறுதிப்படுத்தலோட சமூக சேவைகள் உத்தியோகத்தரிட்டப் போகவேணும். அவர் வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் சிபாரிசு எழுதுவார். அவர் வாற நேரம் வீட்டில ஆளில்லையெண்டால் கோப்பு அப்பிடியே கிடக்கும். அதால பக்கத்து வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் படிவத்தில எழுதி விடுங்கோ. அஸ்வெசும மேன்முறையீட்டை அவரிட்டக் குடுத்துப் பிரயோசனமில்லை. அஸ்வெசுமவுக்கு முந்தின உதவித் திட்டமான சமுர்த்தியின்ர உத்தியோகத்தரிட்டயும் இன்னும் கன பேர் அதைக் கொண்டுபோகினம். அதுக்கெண்டு செயலகத்தில தனிப் பிரிவு இருக்கு, அங்க கேளுங்கோ.

சண்டிலிப்பாய் வாசகர்:

அஸ்வெசுமவில் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் தவறிப்போகிற முக்கிய இடம் ஒன்றைச் சொல்கிறேன். 2023 ஆடியில் தொடங்கிய இந்தத் திட்டம் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 சுட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறது. 2025 தை முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாயும், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாயும். இந்த இரண்டு படிக்கும் இடையிலான வித்தியாசம் சில பதில்களில்தான் தங்கியிருக்கிறது.

கனடாவிலோ சுவிசிலோ இருக்கிறவரின் வீட்டைப் பார்த்துக்கொண்டு அதிலேயே குடியிருக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. தரைக்கு மாபிள், முன்னுக்கு இரும்புக் கேற், கிணற்றுக்கு மோட்டர். ஆனால் உள்ளே இருக்கிற குடும்பம் கூலி வேலை செய்கிறது. கணக்கெடுக்க வருகிறவர் வீட்டைப் பார்த்துத்தான் பதிவார். "வீடு உங்களுடையதா?" என்ற கேள்விக்குத் தலையாட்டிவிட்டால் அது சொத்தாகவே ஏறிவிடும். உரிமையாளர் எழுதித் தந்த கடிதம், அவரின் பெயரிலுள்ள மின்சாரப் பட்டியல், விதானையாரின் உறுதிப்படுத்தல் மூன்றையும் முன்னமே எடுத்து வைத்து, கணக்கெடுப்பு நாளிலேயே காட்டுங்கள். பிறகு மேன்முறையீட்டில் திருத்துவது பெரிய சிரமம். அந்த மேன்முறையீட்டிலும் "நாங்கள் மிகவும் கஷ்டம்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் பிழையாகப் பதியப்பட்டது, சரியான பதில் என்ன, அதற்கு ஆதாரம் எது என்று எழுதுங்கள். அஸ்வெசும பற்றி விசாரிக்கத் தொலைபேசி இலக்கம் 1924.

தீவகத்திலிருந்து:

பெயர் பட்டியலில வந்தும் காசு வராததுக்கு முதல் காரணம் பெயர்தான். அடையாள அட்டையில ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில இன்னொரு எழுத்து. தகப்பன் பெயர் முன்னுக்கோ பின்னுக்கோ, முதலெழுத்து இருக்கோ இல்லையோ எண்டதெல்லாம் இடிக்கும். கணக்குப் பழைய அட்டை இலக்கத்தில திறந்திருக்க, விண்ணப்பத்தில புது 12 இலக்கம் போட்டாலும் சிக்கல் வரலாம். புத்தகத்தையும் அட்டையையும் பக்கத்தில வைச்சு எழுத்தெழுத்தாப் பார்த்திட்டுப் படிவத்தைக் குடுங்கோ. நெடுந்தீவு ஆக்களுக்குப் பிரதேச செயலகம் அங்கேயே இருக்கு. ஆனால் யாழ்ப்பாணத்தில ஒரு அலுவல் எண்டால் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து பேருந்தும் பிடிக்கவேணும். ஒரு எழுத்துப் பிழைக்கு ஒரு முழு நாள் போயிடும், வயசுபோன ஆக்களுக்கு இது பெரிய வதை.

முதியோர் கொடுப்பனவுக்கு 70 வயது ஆகியிருக்கவேணும். பழைய அடையாள அட்டையில முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூண்டு அந்த ஆண்டின்ர எத்தினையாவது நாள் எண்டது, பெண்களுக்கு அதோட 500 கூட்டியிருக்கும். இது பிறப்புச் சான்றிதழோட ஒத்துவருதோ எண்டு முதல்ல பாருங்கோ. 1960-க்குப் பிறகு பதிஞ்ச பிறப்பெண்டால் எந்தப் பிரதேச செயலகத்திலயும் பிரதி எடுக்கலாம். 70 தாண்டின ஆக்கள் எல்லாரும் அதுக்கு முந்தின பதிவு, ஆகவே பிறந்த இடத்துக்குரிய செயலகத்தில தேடவேணும். இடப்பெயர்வில பதிவேடே இல்லாமல் போயிருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறதுதான் வழி.

வடமராட்சிப் பெண்கள் சங்க உறுப்பினர்:

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். விண்ணப்பங்களில் "கணவரின் மரணச் சான்றிதழ்" என்ற இடம் வரும்போது பலர் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுகிறார்கள். அவர் இறந்துவிட்டார் என்று எழுத யாராலும் உங்களை வற்புறுத்த முடியாது. 2016-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனோருக்கெனத் தனிச் சான்றிதழ் ஒன்றைத் தந்திருக்கிறது. அதை வைத்துச் சமூகநலக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம், பிள்ளைகளின் பாதுகாவலுக்கும் சொத்து அலுவலுக்கும் காட்டலாம். அவர் உயிரோடு இல்லை என்று அதில் எங்கும் வராது. இரண்டு ஆண்டுக்குச் செல்லும், நீடிக்கலாம். முடிகிற திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

மரணச் சான்றிதழ் இல்லாமல் படிவத்தை எடுக்க முடியாது என்று மேசையில் சொன்னால், பிரதேச செயலகத்திலேயே இருக்கிற பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போங்கள். தனியே போகவேண்டாம்.

உடுவில் வாசகர்:

வேலை தேடுற பிள்ளையளுக்கு ஒரு சொல். செயலகத்தில மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின்ர உத்தியோகத்தர் ஒருத்தர் இருக்கிறார். வேலை தேடுவோராப் பதிஞ்சு வைச்சால் தொழிற்சந்தை நடக்கேக்க அறிவிப்பினம். மேசன், வயரிங், தையல் எண்டு கனகாலம் செய்தும் கையில பத்திரம் இல்லாதவைக்கு முன்கற்றல் அங்கீகாரம் மூலம் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்க வழியிருக்கு, திரும்ப வகுப்புக்குப் போகத் தேவையில்லை. செய்த வேலையின்ர படங்கள், வேலை தந்தவையின்ர கடிதங்கள் இப்பவே சேருங்கோ.

கோப்பாயான்:

மேல எழுதினவை சொன்னதோட இன்னொண்டு. எந்தப் படிவம் குடுத்தாலும் ஒரு பிரதியில திகதி முத்திரை குத்தி வாங்குங்கோ. "கிடைக்கேல்லை" எண்டு சொல்லுறதுக்கு அது ஒண்டுதான் மறுமொழி. வாய்வார்த்தையா மட்டும் மறுத்தால், 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அதே கந்தோரின்ர தகவல் அலுவலரிட்ட எழுத்தில கேளுங்கோ. ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில எழுதலாம். தகவல் தாறதோ இல்லையோ எண்ட முடிவை 14 வேலை நாளுக்குள்ள சொல்லவேணும். சொல்லாட்டி அங்கேயே குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிட்ட மேன்முறையீடு, அதுக்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "என்ர விண்ணப்பம் என்னாச்சு" எண்டு கேக்காமல் "இன்ன திகதியில குடுத்த இன்ன விண்ணப்பத்தின்ர சிபாரிசுப் பக்கத்தின் பிரதி" எண்டு கேளுங்கோ. அந்தப் பக்கத்திலதான் ஏன் மறுத்தவை எண்டது எழுதியிருக்கும்.