வான்காரர் காசு தந்து முடிக்கலாம் என்கிறார், என்ன செய்வது?

வணக்கம் உறவுகளே. செவ்வாய் பின்னேரம் கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியில் அப்பாவின் மோட்டார் சைக்கிளை ஒரு வான் அடித்துவிட்டது. ஒழுங்கை வாசலில் மதிலும் வேப்பமரமும் மறைப்பு. பாதி ரோட்டுக்கு வந்தால்தான் வாகனமே தெரியும். கூடின சனம் அப்பாவைத் தூக்கி இருத்தி சோடா பருக்கப் போக, பக்கத்துக் கடை அண்ணைதான் "ஆட்டாதேங்கோ, ஹெல்மெற்றையும் கழற்றாதேங்கோ" என்று தடுத்து 1990க்கு அடித்தார். அந்த அம்புலன்ஸ் இலவசம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஹெல்மெற் வெடித்துப் போனது, தலைக்கு ஒன்றுமில்லை. வலது கால் முறிவு.

இப்போது வான் சாரதி பொலிசுக்குப் போகாமல் முடிப்போம் என்று ஐம்பதாயிரம் ரூபாய் நீட்டுகிறார். ஆள் நல்லவர்தான், விட்டுவிட்டு ஓடவில்லை. ஆனால் கால் சரிவராவிட்டால்? மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது வாகனம் அடித்த மற்ற ஆளுக்கு நட்டஈடு கொடுக்கிற காப்புறுதி, எல்லா வாகனத்துக்கும் கட்டாயம்தானே. பொலிஸ் முறைப்பாடு இல்லாமல் பிறகு அதில் ஏதும் கேட்க முடியுமா? இப்படி அலைந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்தப் பக்கம் கடைகளில் கமரா வைத்திருப்பவர்கள் செவ்வாய் மாலை 5.30 முதல் 6 மணி வரையான பதிவை இன்றைக்கே எடுத்து வைத்தால் பெரிய உதவி. நாள் போனால் பழையதன் மேலேயே புதியது பதிந்துவிடும்.