பீப் சத்தத்தை நிறுத்த அப்பா வாங்கிய கிளிப்: நான் சண்டை போட்டது தவறா?

கீழவாசல்
மூன்று வாரத்துக்கு முன்பு வீட்டுக்குப் புது கார் வந்தது. அப்பாதான் ஓட்டுகிறார், வயது 61. அம்பாசிடர் காலத்து ஆள், ஓட்டுவதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் சீட் பெல்ட் போட மாட்டார். போடாவிட்டால் வண்டி விடாமல் கத்துகிறது என்று உதிரிபாகக் கடையில் 120 ரூபாய்க்கு ஒரு கிளிப் வாங்கி வந்துவிட்டார். பெல்ட்டின் நாக்கு மட்டும் தனியாக இருக்குமே, அதுதான். பெல்ட்டை மாட்டும் பக்கிளில் செருகியதும் சத்தம் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போனோம். முன்னால் அம்மா, மடியில் அக்காவின் குழந்தை. பின்னால் நான்கு பேர், யாருக்கும் பெல்ட் இல்லை. பாபநாசம் தாண்டியதும் நாய் ஒன்று குறுக்கே வர, அப்பா பிரேக் அடித்தார். குழந்தையின் நெற்றி டேஷ்போர்டைத் தொடுவதற்கு நாலு விரல்கடைதான் பாக்கி. வீட்டுக்கு வந்ததும் கிளிப்பைப் பிடுங்கி எறிந்தேன், பெரிய சண்டையாகிவிட்டது. இரண்டு நாளாக அப்பா என்னிடம் பேசவில்லை. நான் செய்தது தப்பா?

ரிங்ரோடு
தம்பி, தப்புதான். நாற்பது வருடம் ஓட்டியவர் பிரேக் அடித்துக் காப்பாற்றியிருக்கிறார், அதை விட்டுவிட்டு அவரிடமே சண்டை. ஊருக்குள் 30, 40 வேகத்தில் போகிறவருக்கு பெல்ட் எதற்கு? நம் ஊர் வெயிலில் ஏசி குளிர்வதற்குள் சட்டை நனைந்துவிடுகிறது, அதன் மேல் ஒரு பட்டை வேறு. எனக்குத் தெரிந்து ஒருவர் வண்டி கவிழ்ந்தபோது கதவு திறந்து வெளியே விழுந்ததால்தான் பிழைத்தார். பெல்ட் போட்டிருந்தால் உள்ளேயே நசுங்கியிருப்பார். தீப்பிடித்தாலோ வாய்க்காலுக்குள் இறங்கினாலோ பெல்ட்டை அவிழ்க்கும் நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். அபராதத்துக்காக வேண்டுமானால் பைபாஸில் முன் சீட்டுக்காரர்கள் போட்டுக்கொள்ளலாம். பின் சீட்டில் போடுகிறவர்களை நான் பார்த்ததே இல்லை.

பட்டறை
கீழவாசல், நீங்கள் கிளிப்பை எறிந்தது சரி. அப்பாவிடம் பேசிய விதம் எனக்குத் தெரியாது, அதை விடுவோம்.

அந்த கிளிப் சத்தத்தை மட்டும் நிறுத்துவதில்லை, ஆள் பெல்ட் போட்டிருக்கிறார் என்று வண்டியின் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறது. ஏர்பேக் இருக்கிறதே, அது போதும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஸ்டியரிங்கில் எஸ்ஆர்எஸ் என்று மூன்று எழுத்து இருக்கும். துணைக் கட்டுப்பாடு என்பது அதன் பொருள், அதாவது பெல்ட்டுக்குத் துணை. மோதியபின் சுமார் 30 மில்லிசெகண்டில் பை விரிந்துவிடும், கண் இமைக்கக்கூட நேரம் இருக்காது. பெல்ட் போட்டவர் சீட்டிலேயே இருப்பதால் முழுதாக விரிந்த பையில் முகம் படும். போடாதவரோ பிரேக் அடிக்கும்போதே முன்னால் சறுக்கிவிடுகிறார், அறைவது போல விரிந்துகொண்டிருக்கும் பை அவர் முகத்தில் வந்து மோதும். ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் நெஞ்சுக்கும் 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பதும் இதனால்தான்.

இந்த கிளிப் விற்பதே குற்றம் மாதிரிதான். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் நிறுவனங்களை இதை நீக்கச் சொல்லி, 13,118 பதிவுகள் நீக்கப்பட்டன. கடைகளில் இன்னும் கிடைக்கிறது. என் பட்டறையிலும் வந்து கேட்கிறார்கள், நான் வைப்பதில்லை.

ரிங்ரோடு
ஏர்பேக் விஷயம் சரி, ஏற்கிறேன். ஆனால் பின்னால் இருப்பவருக்கு முன்னால் சீட் முதுகு இருக்கிறதே, மெத்தை மாதிரி? தீப்பிடிப்பது பற்றியும் பதில் வரவில்லை.

இரவுப்பணி
நான் விபத்துப் பிரிவில் நர்ஸ். பதினோரு வருடமாகப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பெல்ட் போட்டவர்களுக்குத் தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்காக ஒரு சிராய்ப்பு இருக்கும், இரண்டாம் நாள் நீலமாகிவிடும். சில நேரம் விலா எலும்பு முறியும், வலி பயங்கரமாக இருக்கும். ஆனாலும் பெரும்பாலும் பெயரைக் கேட்டால் சொல்வார்கள், வீட்டு நம்பரைச் சொல்வார்கள். போடாதவர்களிடம் பெயர் கேட்க முடியாமல், சட்டைப்பையில் இருக்கும் போனைத் தேடியெடுத்து வீட்டுக்காரர்களுக்கு நாங்களே சொன்ன இரவுகள் நிறைய. ரிங்ரோடு சார், தீயிலோ தண்ணீரிலோ மாட்டினால் பெல்ட்டை அவிழ்ப்பது ஒரு பட்டனை அமுக்குகிற வேலைதான். அமுக்க நினைவு வேண்டும். தலை கண்ணாடியில் மோதியவருக்கு அந்த நினைவு எங்கிருந்து வரும்? வண்டி தண்ணீரில் இறங்கினால் பெல்ட்டை அவிழ்த்து, போனைத் தேடாமல், முதல் நிமிடத்திலேயே கண்ணாடியை இறக்கி வெளியே வர வேண்டும். தண்ணீர் கதவில் ஏறி அழுத்திய பிறகு கதவைத் தள்ள முடியாது.

வெளியே விழுந்து பிழைத்தவரைப் பற்றிச் சொன்னீர்கள். அவர் பிழைத்ததால் கதை சொல்ல முடிகிறது. வெளியே விழுந்த மற்றவர்கள் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் வேகக் கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதும் சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதும் ஒன்று. மூன்று மாடி. மூன்றாம் மாடியிலிருந்து முன் சீட்டின் மெத்தையில் விழச் சம்மதிப்பீர்களா? அந்த சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் இருக்கிறது. பின்னால் இருப்பவர் பறந்து வந்து இடித்ததில் பெல்ட் போட்ட முன்சீட்டுக்காரர் நொறுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நல்ல விலையுயர்ந்த வண்டி. முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள், பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ்.

மலர்
எல்லாரும் நன்றாகச் சொல்கிறீர்கள், ஆனால் வீட்டில் நடப்பது வேறு. என் மகளுக்கு இரண்டு வயது. குழந்தை சீட் வாங்கினோம், கட்டினால் ஊர் எல்லை வரை கதறுகிறாள். மாமியார் "பிள்ளையைக் கட்டிப்போட்டா கூட்டிட்டுப் போவாங்க?" என்று தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். வண்டியில் ஏழு பேர் போக வேண்டியிருக்கும்போது அந்த சீட்டுக்கு இடமும் இல்லை. தாய் இறுகப் பிடித்துக்கொண்டால் போதாதா? என்னை மீறி என் குழந்தை எங்கே போய்விடும்?

இரவுப்பணி
மலர், உங்களைக் குறை சொல்லவில்லை. பத்து கிலோ குழந்தை, அதே 50 வேகம், வண்டி பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் உங்கள் கைக்கு அது 140 கிலோ. எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது, பாசத்தில் குறை ஒன்றும் இல்லை. நீங்களும் பெல்ட் போடவில்லையென்றால் டேஷ்போர்டுக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவில் குழந்தை இருக்கும். பெரியவரும் குழந்தையும் சேர்ந்து ஒரே பெல்ட்டைப் போடுவதும் இதேதான்.

பெரிய ஊர்ப் பயணத்தில் ஆரம்பிக்காதீர்கள். வண்டி வாசலில் நிற்கும்போதே சீட்டில் உட்காரவைத்துக் கதை சொல்லுங்கள், பிறகு தெருமுனை வரை. பத்து நாளில் பழகிவிடுவாள். குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட்டை மட்டும் ஏர்பேக் உள்ள முன் சீட்டில் வைக்கவே கூடாது.

பட்டறை
சட்டமும் குழந்தையை மடியில் வைக்க விடுவதில்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், 194பி பிரிவு: 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் ஓட்டுகிறவருக்கு 1000 ரூபாய் அபராதம்.

பழைய ஸ்டியரிங்
நான் 34 வருடம் வாடகை வண்டி ஓட்டியவன். கீழவாசல் தம்பி, உன் அப்பா பக்கம் நின்று பேசத்தான் வந்தேன். இந்தக் காலத்து வண்டி எல்லாவற்றுக்கும் கத்துகிறது. கதவு, பெல்ட், ரிவர்ஸ், 80 தாண்டினால் ஒன்று, 120 தாண்டினால் இன்னொன்று. எங்களை மாதிரி ஆட்களுக்கு அது அவமானமாக இருக்கிறது, உனக்கு ஓட்டத் தெரியாது என்று வண்டியே சொல்வது போல. உன் அப்பா கிளிப் வாங்கியது அதனால்தான் என்பது என் எண்ணம்.

பெல்ட்டை மட்டும் பிடித்துத் தொங்குகிறீர்களே, சாவியைப் பற்றி யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா? போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் பட்டன் ஸ்டார்ட் வண்டியில், அதாவது சாவி உள்ளே இருந்தால் பட்டனை அமுக்கியே கிளப்பும் வண்டியில், அம்மாவைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டான். சாவி அந்த அம்மாவின் கைப்பையில். ஓடுகிற இன்ஜின் நிற்காது, எச்சரிக்கை மட்டும் வரும். அதை அவன் கவனிக்கவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி டீக்கடையில் நிறுத்திவிட்டு மறுபடி பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகவில்லை. நான்தான் பைக்கில் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பட்டறை
ஐயா சொல்வதில் முழு உடன்பாடு. வாரத்துக்கு இரண்டு போனாவது இப்படி வருகிறது. ரிமோட் சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது, வண்டி திறக்கவில்லை என்பார்கள். அந்த ரிமோட்டுக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி மடங்கி இருக்கும், பக்கத்தில் உள்ள சின்ன பித்தானைத் தள்ளினால் வெளியே வரும். ஓட்டுநர் கதவில் சாவித்துவாரம் இருக்கும், சில வண்டியில் கைப்பிடி மூடிக்குள் ஒளிந்திருக்கும். உள்ளே போனதும் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனை ஒட்டி வைத்து அமுக்கினால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும். பழைய மாதிரி சாவி திரும்பவில்லை என்றால் ஸ்டியரிங் லாக் விழுந்திருக்கும், ஸ்டியரிங்கை லேசாக ஆட்டிக்கொண்டே திருப்ப வேண்டும், பலம் கொடுத்தால் சாவிதான் உடையும்.

குழந்தை உள்ளவர்கள் இன்னொன்று பாருங்கள். பின் கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சின்ன நெம்பு இருக்கும், சைல்டு லாக். அதைத் தள்ளிவிட்டால் உள்ளிருந்து கதவு திறக்காது. சாவியைக் குழந்தையின் கையில் விளையாடக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடு நிமிடக் கணக்கில் ஏறும்.

ரிங்ரோடு
இரவுப்பணி அக்கா சொன்ன மூன்று மாடிக் கணக்கை மனைவியிடம் படித்துக் காட்டினேன். பின் சீட் விஷயத்தில் இனி வாதாடவில்லை. ஆனால் ஊருக்குள் 30 வேகத்திலும் வேண்டும் என்பதை இன்னும் என் மனம் ஏற்கவில்லை.

பழைய ஸ்டியரிங்
நீங்கள் 30-இல் போவீர்கள் சார், எதிரே வருகிற லாரி? அதில் நான் உங்கள் பக்கம் இல்லை. நானே பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் போட்டு அதன் மேல் சாய்ந்து ஓட்டியவன்தான். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும், மேல்பட்டை கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் போக வேண்டும். பக்கத் தூணில் மேல்பட்டை மாட்டியிருக்கும் கொக்கியை ஏற்றி இறக்கலாம். உன் அப்பாவுக்குக் கழுத்து உறுத்துகிறதா என்று கேட்டுப் பார் தம்பி. பாதிப் பேர் அதற்காகத்தான் போடுவதில்லை.

கீழவாசல்
எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி கேட்டேன். கழுத்துதான். கொக்கியை இரண்டு படி இறக்கியதும் அப்பா ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போய்வந்தார்.

அப்புறம் பின் சீட்டைப் பார்த்தேன். பெல்ட் தொங்குகிறது, செருகப் பக்கிளே இல்லை. வண்டி எடுத்த அன்றே சீட் கவர் போட்டோம், போட்டவர் மூன்று பக்கிளையும் உள்ளே தள்ளி மேலே கவரை இழுத்துத் தைத்துவிட்டார். அக்கா தையல் பிரிப்பானை எடுத்து வந்தாள், நான் டார்ச் பிடித்தேன், ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். நாலாவது ஆள் பின்னால் உட்கார இனி இடமில்லை என்பதால் சித்தப்பா பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார். குழந்தைக்கு சீட் பார்க்க சனிக்கிழமை போகிறோம், அப்பாவும் வருகிறார்.