ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்: ஜானர் கலவையா, வரிசையா அடுக்கி வச்சதா?

பேஸ்_பைத்தியம்:
பிரெஞ்சு எலக்ட்ரானிக் ஜோடி டாஃப்ட் பங்க்கோட 2013 ஆல்பம் 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' இருக்கே, அத ஜானர் (இசை வகை) கலவைக்கே உச்சம்னு எல்லாரும் சொல்றீங்க, என்னால ஒத்துக்க முடியல. கலக்குறதுன்னா ரெண்டு சேர்ந்து புதுசா மூணாவது ஒண்ணு வரணும். இங்க கிட்டாரிஸ்ட் நைல் ராட்ஜர்ஸ் வந்தா டிஸ்கோ, பாடகர் ஜூலியன் காசாபிளாங்கஸ் வந்தா ராக், பியானிஸ்ட் சில்லி கன்சாலஸ் வந்தா பியானோ. ஆளுக்கொரு ரூம் குடுத்து கதவ சாத்திட்டாங்க. 1997ல வந்த அவங்க முதல் ஆல்பம் 'ஹோம்வொர்க்' ஜோடில ஒருத்தரான பங்கால்டரோட பெட்ரூம்ல செஞ்சது, ஹவுஸ், ஃபங்க், ஆசிட்னு டான்ஸ் மியூசிக் வகையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு மோதிக்கிட்டே ஓடும். அந்த அழுக்கு இதுல எங்க?

மாடுலர்_மணி:
கதவ சாத்துனாங்களா? சிந்தசைசர் டிஸ்கோவோட முன்னோடி ஜார்ஜியோ மொரோடர் தன் கதைய பேசுற அந்த 9 நிமிஷ டிராக்க ஹெட்போன்ல உக்காந்து முழுசா கேளுங்க ப்ரோ. மூக் சிந்தசைசரோட சிங்க் பண்ண கிளிக் (தாளம் காட்டுற டிக் சத்தம்) ஒண்ணு போட்டோம்னு அவர் சொல்ற இடத்துல கிளிக் சத்தம் மட்டும் தனியா கேக்கும், அதுக்கு மேல சிந்த் ஆர்பெஜியோ (ஸ்வரங்கள ஒண்ணு ஒண்ணா அடுக்கி வாசிக்கிறது) ஏறும், அப்புறம் எலக்ட்ரிக் பியானோ ஜாஸ் மாதிரி அலையும், ஸ்ட்ரிங்ஸ் வரும், கடைசியில ஒமர் ஹக்கீம் டிரம்ஸ்ல வெளுத்து வாங்குவாரு, கூடவே டிஜே ரெக்கார்ட தேய்க்கிற ஸ்கிராட்ச் சத்தம் வேற. இதெல்லாம் ஒரே பாட்டுக்குள்ள. அந்தப் பேச்ச ரெக்கார்ட் பண்ணப்போ வேற வேற காலத்து மைக் மூணு வச்சாங்கன்னு மொரோடரே சொல்லிருக்காரு. கேக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு தெரிஞ்சும் வச்சாங்க. அவ்ளோ அக்கறையா வேலை செஞ்சவங்கள சும்மா அடுக்கிட்டாங்கன்னு சொல்றது நியாயமே இல்ல.

பேஸ்_பைத்தியம்:
அக்கறை இல்லன்னு நான் சொல்லவே இல்லையே. அக்கறை இருக்கு, ரிஸ்க் எங்க இருக்கு? 2001ல வந்த 'டிஸ்கவரி' ஆல்பத்துல எட்வின் பேர்ட்சாங்கோட பழைய ஃபங்க் பாட்டுத் துண்ட எடுத்து வெட்டி அடிச்சு, யாரும் கேக்காத ஒண்ணா மாத்துனாங்க. 2013ல அந்தக் காலத்து ஆளுங்களையே கூப்பிட்டு, பெரிய ஸ்டூடியோல உக்கார வச்சு, அந்தக் காலத்து சத்தத்தையே திருப்பி வாசிக்க வச்சாங்க. அது ரசனை, கண்டுபிடிப்பு இல்ல. டிரம்ஸே இல்லாத எடிஷன் 2023ல வந்துச்சு, அதையும் உக்காந்து ரசிக்கிறாங்க. டிரம்ஸ எடுத்தா ஒண்ணும் ஆகலன்னா அப்புறம் அது என்னங்க டான்ஸ் ஆல்பம்?

ரீல்டுரீல்:
இல்ல இல்ல, அந்த எடிஷன் உங்களுக்கு எதிராத்தான் சாட்சி சொல்லுது. டிரம்ஸ் போனதும் ராட்ஜர்ஸோட கிட்டார் மட்டும் நிக்குது பாருங்க, சின்னச் சின்ன வெட்டு வெட்டா, ஒவ்வொண்ணும் டைமுக்கு விழுது. டிரம்ஸ் இல்லாமலே கால் தாளம் போடுதுன்னா ஆட்டம் கிட்டார்லயும் பேஸ்லயும்தான இருக்கு? டிஸ்கோ பேண்டுக அப்படித்தான் வாசிச்சாங்க, ஹவுஸ் அதுலருந்துதான் பொறந்துச்சு. இவங்க பிள்ளையவும் தாயவும் ஒரே ரூம்ல உக்கார வச்சாங்க, அவ்ளோதான். ஆல்பம் முழுக்க சாம்பிள் (பழைய ரெக்கார்ட்லருந்து வெட்டி எடுத்த துண்டு) வச்ச பாட்டு ஒண்ணே ஒண்ணுதான், கடைசியில வர்ற 'காண்டாக்ட்'. சாம்பிளாலயே பேர் வாங்குனவங்க அத கீழ வச்சிட்டு வாசிக்கிற ஆளுங்கள நம்பி இறங்குனாங்களே, ரிஸ்க்னா அதுதான்.

மாடுலர்_மணி:
ஆமா, 2014 கிராமியில ஆல்பம் ஆஃப் த இயர் வாங்குனதால இப்ப சேஃப்பா தெரியுது, அவ்ளோதான். எங்க பாத்தாலும் லேப்டாப்ல செஞ்ச பெரிய டிராப் (பில்டப்புக்கு அப்புறம் பீட் வெடிக்கிற இடம்) மட்டுமே ஓடிட்டு இருந்த நேரத்துல, பழைய பாட்டெழுத்தாளர் பால் வில்லியம்ஸ பாட வச்சு, பித்தளை வாத்தியம், கோரஸ், விண்வெளி சத்தம்னு 8 நிமிஷத்துக்கு 'டச்' போட எவ்ளோ தைரியம் வேணும்!

பேஸ்_பைத்தியம்:
'டச்' பத்தி நான் சண்டைக்கு வரல, அது நிஜமாவே கலந்த பாட்டு. ஆனா ஆல்பத்துலயே முழுக்க எலக்ட்ரானிக்கா இருக்குற ஒரே டிராக் 'டூயின் இட் ரைட்', பாண்டா பேர்ங்கிற பாடகர் பாடுனது, கடைசியா ரெக்கார்ட் பண்ணதும் அதுதான். ரோபோ குரல் ஒரே வரிய சுத்திச் சுத்தி சொல்லிட்டே இருக்க, மனுஷக் குரல் அது மேல நீந்திப் போகுது, அடியில பேஸ் ரெண்டயும் தாங்குது. ரெண்டு மூணு சத்தத்த வச்சே அவங்களால இவ்ளோ செய்ய முடியுதுல்ல, அப்ப மீதி 12 டிராக்குக்கு எதுக்கு இத்தன பேரு?

ரீல்டுரீல்:
அந்த 12 இல்லன்னா அது உங்க காதுல இவ்ளோ தனியா விழுந்திருக்காது. 11 டிராக் மனுஷங்க வாசிச்சதக் கேட்டு முடிச்ச காதுக்கு அந்த மெஷின் பேஸ் 12வதா வந்து எறங்குது பாருங்க, அந்த வரிசைய யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க. ஷஃபிள்ல போடாம முதல்லருந்து ஒரு தடவ கேட்டுட்டு வந்து சொல்லுங்க, நான் இங்கதான் இருப்பேன்.