கப்பல் கேபின்ல தொங்கவிடற ஆர்கனைசர்: உங்களுக்கு என்ன நடந்துச்சு?

அலைமகள்

ட்ரிப் முடிஞ்சு வந்து ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் அந்த ஒரு ராத்திரி மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு, அதான் எழுதிடலாம்னு வந்தேன்.

நாலு பேர், ஒரே இன்சைட் கேபின், அதாவது ஜன்னல் இல்லாத ரூம். மேல் பர்த் ரெண்டையும் இறக்கிட்டா ஒருத்தர் நடக்க இன்னொருத்தர் கட்டில்ல ஏறி உக்காரணும், அந்த அளவு இடம். எல்லாரும் சொல்ற அந்த 24 பாக்கெட் ஷூ ஆர்கனைசர்தான் எடுத்துட்டுப் போனேன், கதவு மேல கொக்கி மாட்டி தொங்கவிடறது. பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் மாட்டுனேன். மாட்டி முடிச்சதும் கதவ சாத்திப் பாத்தேன், மேல கொஞ்சம் இறுக்கமா உரசிச்சு. பரவால்லனு விட்டுட்டேன். மொத நாள் பூரா அது எவ்ளோ உபயோகமா இருந்துச்சு தெரியுமா, சன்ஸ்க்ரீன், சார்ஜர், கண்ணாடி, மாத்திரைனு எல்லாம் கண்ணு முன்னாடி, மேசை மேல ஒரு பொருள் கிடையாது.

ரெண்டாவது ராத்திரி கடல் கொஞ்சம் ஆட்டம். அம்மா எந்திரிச்சு பாத்ரூம் போனாங்க, கப்பல் சாஞ்ச வேகத்துல கதவு தானா போய் அடிச்சு மூடிடுச்சு. அந்த கொக்கி நிலைக்கும் கதவுக்கும் நடுவுல ஆப்பு அடிச்ச மாதிரி மாட்டிக்கிச்சு. அம்மா கூப்பிடவே இல்ல. கைப்பிடி திரும்பற சத்தம் மட்டும், மெதுவா, திரும்பத் திரும்ப கேட்டுச்சு. நான்தான் எந்திரிச்சு போய் இழுத்தேன், என் வீட்டுக்காரரும் இழுத்தார், அசையல. கதவுக்குக் கீழ காத்து போக ஒரு கிரில் இருக்கும் பாருங்க, அதுகிட்ட தரையில படுத்து "அம்மா"ன்னேன். உள்ள இருந்து ரெண்டு விரல வெளிய நீட்டுனாங்க. "நான் உக்காந்துக்கிட்டேன் கண்ணு, நீ பதறாத"ன்னாங்க. அவங்களுக்கு 68 வயசு, முட்டி வலி, ஆடற கப்பல்ல பிடிச்சுக்க ஆள் இல்லாம உள்ள உக்காந்துட்டு எனக்கு ஆறுதல் சொல்றாங்க. அந்த ரெண்டு விரலப் பிடிச்சுட்டே கிடந்தேன்.

போன் பண்ணி ஆள் வந்து, தட்டையா ஒரு கம்பி விட்டு நெம்பி திறக்கறதுக்குள்ள 25 நிமிஷம் ஆயிடுச்சு. கதவு மேல பெயின்ட் உரிஞ்சு போச்சு. வந்தவர் ஒரு வார்த்த திட்டல, கொக்கிய என் கையில குடுத்துட்டுப் போனார், அது வளைஞ்ச இடத்துல வாய் பொளந்து கிடந்துச்சு.

அடுத்த வருஷம் மறுபடி போறோம், அம்மாவும் வர்றாங்க. இடம் பத்தாதுதான், ஆனா கதவுல இனிமே எதையும் மாட்ட மனசு வரல. உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

காந்தக்கை

அய்யோ, படிக்கவே பதறுது. ஆனா கதவுல ஏன்க்கா மாட்டுனீங்க? கேபின் செவுரு முக்கால்வாசி கப்பல்ல மேல வால்பேப்பர் மாதிரி ஒட்டியிருந்தாலும் உள்ள இரும்புத் தகடுதான், தீப்பிடிக்காம இருக்கணும்னு அப்படிக் கட்றாங்க. காந்த ஹூக் நாலு எடுத்துட்டுப் போனா அதே ஆர்கனைசர செவுத்துலயே தொங்கவிடலாம்.

எனக்கும் ஒண்ணு நடந்துச்சு. "12 கிலோ தாங்கும்"னு போட்ட ஹூக், நம்பி ஆர்கனைசர் பூரா ரொப்பிட்டேன். காலையில முழிச்சுப் பாக்கறேன், ஆர்கனைசர் ஒரு சாண் கீழ இறங்கி நிக்குது. விழல, இறங்கியிருக்கு. ராத்திரி பூரா கப்பல் அதிர்ற அதிர்வுல கொஞ்சம் கொஞ்சமா சறுக்கி வந்திருக்கு, செவுத்துல ரெண்டு கருப்புக் கோடு, ரயில் தண்டவாளம் மாதிரி. அதுக்கு நேர் கீழ என் பையன் தலை. அப்புறம்தான் விசாரிச்சேன், அந்த 12 கிலோங்கறது நேரா நம்ம பக்கம் பிடிச்சு இழுத்தா தாங்கற கணக்கு. செவுத்துல ஒட்டி கீழ்நோக்கி பாரம் தொங்கும்போது பெரும்பாலும் அதுல மூணுல ஒரு பங்குகூட தேறாது. காந்தத்துக்கு அடியில மெல்லிசா ரப்பர் வட்டம் ஒட்டியிருக்கற ஹூக் வாங்குங்க, சறுக்காது, செவுத்துல கோடும் விழாது. போட்டிருக்கற எடையில கால்வாசிக்கு மேல மாட்டாதீங்க.

மேல்பர்த்

என்னோடது ஒண்ணும் பெருசு இல்ல, சத்தம்தான். ஆனா நாலு ராத்திரி தூங்கல, அதனால மறக்க முடியல.

கதவு ஆர்கனைசர்தான், எங்களுக்கு அது மாட்டிக்கல, ஆனா கீழ்ப்பக்கம் கட்டாம விட்டுட்டேன். கப்பல் இந்தப் பக்கம் சாயும்போது அது கதவ விட்டு விலகும், அந்தப் பக்கம் சாயும்போது வந்து அடிக்கும். கீழ் வரிசையில ஷாம்பு பாட்டில், சென்ட் பாட்டில். தட்... தட்... அடுத்தது எப்ப வரும்னு காத்திருந்தே தூக்கம் போயிடும். எந்திரிச்சு டவல சுருட்டி பின்னாடி சொருகுவேன், பத்து நிமிஷத்துல டவல் நழுவிரும். பக்கத்து கேபின்காரங்க செவுத்தத் தட்டினாங்க ஒரு தடவ, அது இன்னும் உறுத்துது, வயசானவங்க அவங்க. மறுநாள் லிஃப்ட்ல பாத்து மன்னிப்பு கேட்டேன். அஞ்சாவது நாள்தான் கனமானதெல்லாம் எடுத்து டிராயர்ல போட்டுட்டு துணி, சாக்ஸ், தொப்பினு லேசானது மட்டும் விட்டேன், கீழ் ரெண்டு மூலையிலயும் தலைக்கு மாட்டற ரப்பர் பேண்ட் கோத்து கைப்பிடியில இழுத்துக் கட்டுனேன். அன்னிக்குத்தான் தூங்கினேன்.

கரையோரம்

காந்தக்கை ப்ரோ, "செவுரு இரும்புதான்"னு இவ்ளோ உறுதியா சொல்லாதீங்க. நான் போன ரெண்டு கப்பல்ல ஒண்ணுல கட்டில் தலைமாட்டு செவுத்துல ஒட்டவே இல்ல, மரம் மாதிரி பேனல், வார்ட்ரோப் கதவும் அப்படித்தான். கேபின் கதவு உள்பக்கமும் பாத்ரூம் பக்கத்து செவுரும் மட்டும் பிடிச்சுது. அந்த நம்பிக்கையில ஹூக் மட்டும் எடுத்துட்டுப் போனவங்க என்ன பண்றது?

அத விட முக்கியமானது ஒண்ணு. எங்கப்பாவுக்கு பேஸ்மேக்கர் வெச்சிருக்கு. நான் அத யோசிக்கவே இல்ல. பெட்டியத் திறந்து ஹூக்க எடுத்துக் குடுங்கப்பான்னேன், அவரு நாலையும் ஒண்ணா அள்ளி மடியில வெச்சு ஒண்ணொண்ணா பிரிக்கறாரு, அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது, நெஞ்சுக்கு நேரா வெச்சு இழுக்கறாரு. எங்கம்மா பாத்துட்டு பாஞ்சு பிடுங்கினாங்க. ஒண்ணும் ஆகல, அவரு சிரிச்சுட்டே இருந்தாரு, எனக்குத்தான் கை நடுங்கிருச்சு. இந்த மாதிரி பலமான காந்தம் பேஸ்மேக்கர்கிட்ட இருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளியே இருக்கணும்னு டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தார், போனுக்குத்தான் சொன்னார்னு நெனச்சுட்டு இருந்தேன். வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க கவனிங்க. கீ கார்டையும் அது பக்கத்துல வெக்காதீங்க, பின்னாடி கருப்புப் பட்டை இருக்கற பழைய டைப் கார்டா இருந்தா அழிஞ்சு போயிரும்.

காந்தக்கை

@கரையோரம் நான் முக்கால்வாசினுதான் சொன்னேன், எல்லாமேனு சொல்லல. மேல போய் படிங்க. பேஸ்மேக்கர் விஷயம் எனக்குத் தெரியாது, சொன்னதுக்கு நன்றி. அப்பா நல்லா இருக்கறது சந்தோஷம்.

பழையமாலுமி

அலைமகள், உங்க அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலங்கறது பெரிய விஷயம்மா. என் அனுபவம் சின்னது. கேபினோட மெயின் கதவுல மாட்டியிருந்தேன், கேபின கவனிச்சுக்கற பணியாளர், ஸ்டூவர்ட்னு சொல்வாங்க, வந்து பணிவா கழட்டச் சொன்னாரு. ஏன்னு கேட்டேன். கதவ முழுசா திறந்து, கைய விட்டுட்டு, "பாருங்க சார்"ன்னாரு. கதவு தானா வந்துச்சு, கடைசி ஒரு விரல் அளவு மூடாம நின்னுடுச்சு. அந்த ஒரு விரல் சந்து என் கண்ணுலயே நிக்குது.

ஏன்னா அது சாதாரணக் கதவு இல்ல. பயணிகள் கப்பல்ல கேபின் கதவு தானா மூடிக்கணும்னு சர்வதேச விதியே இருக்கு, கடல்ல உயிர் பாதுகாப்புக்கான ஒப்பந்தம், சோலாஸ்னு சொல்வாங்க, இப்ப நடைமுறையில இருக்கறது 1974ல போட்டது, அப்பப்ப திருத்திட்டே வர்றாங்க. ஒரு கேபின்ல தீப்பிடிச்சா புகை நடைபாதைக்கு வரக்கூடாது, நடைபாதையில புகைன்னா உள்ள வரக்கூடாது, அதுக்குத்தான் அந்தக் கதவு. மெல்லிசான கொக்கியா இருந்தாலும் தாழ்ப்பாள் விழாம போகலாம். கப்பல்ல ஆள் சாகறது நெருப்புல இல்லம்மா, பெரும்பாலும் புகையில.

இதோட பால்கனி விஷயமும் சொல்லிடறேன். ஆர்கனைசர துவைச்சு பால்கனியில காயப்போடறது, ஈரத்துணிய அங்க தொங்கவிடறது, தயவுசெஞ்சு வேண்டாம். 2006 மார்ச் 23, ஸ்டார் பிரின்சஸ் கப்பல், ஜமைக்காவுக்குப் போற வழியில விடியறதுக்கு முன்னாடி ஒரு பால்கனியில தீ. யாரோ போட்ட சிகரெட் துண்டா இருக்கலாம்னு விசாரணையில சொன்னாங்க. பால்கனித் தடுப்பு, நாற்காலினு ஒண்ணொண்ணா பிடிச்சு மேல மேல ஏறுச்சு. ஒரு பயணி புகையில இறந்தார். அதுக்கப்புறம்தான் பால்கனியில என்ன மாதிரி பொருள் வெக்கலாம்ங்கறதுக்கே விதி மாத்தினாங்க, 2008 ஜூலைல இருந்து அமல். அவ்ளோ பாத்துப் பாத்து எரியாத பொருளா போட்ட இடத்துல நாம நைலான் துணியத் தொங்கவிடறோம்.

இன்னொண்ணு, கூரையில தண்ணி தெளிக்கற ஸ்பிரிங்க்ளர் மூக்கு நீட்டிட்டு இருக்கும், ஹேங்கர் மாட்ட வாகா இருக்குனு சிலபேர் அதுல மாட்டறாங்க. உடைஞ்சா கேபின் பூரா தண்ணி, நம்மால நிறுத்தவும் முடியாது. அயர்ன் பாக்ஸ், மெழுகுவத்தி, சர்ஜ் ப்ரொடெக்டர் (கரன்ட் திடீர்னு எகிறினா தடுக்கறது) வெச்ச எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதெல்லாமும் எடுத்துட்டு வராதீங்க, ஏறும்போதே பிடுங்கி வெச்சுப்பாங்க. சூட்கேஸ காலி பண்ணதும் கட்டிலுக்கு அடியில தள்ளிடுங்க, பெரிய பெட்டியே போற உயரத்துலதான் கட்டில் வெச்சிருப்பாங்க. லைஃப் ஜாக்கெட் வார்ட்ரோப்ல இருந்தா அதுக்கு முன்னாடி எதையும் அடுக்காதீங்க, இருட்டுல கைய விட்டா கிடைக்கணும்.

அலைமகள்

பழையமாலுமி ஐயா, சர்ஜ் ப்ரொடெக்டரும் பால்கனியும் நான் கேக்கல, எங்களுது ஜன்னலே இல்லாத கேபின். ஆனா அந்த ஒரு விரல் சந்து... அத இப்பதான் யோசிக்கறேன். பாத்ரூம் கதவுல மாட்டறதுக்கு முன்னாடி மெயின் கதவுலதான் மாட்டிப் பாத்தேன், உயரம் பத்தலனு எடுத்தேன். பத்தியிருந்தா அப்படியே விட்டிருப்பேன். நாலு பேரும் உள்ள தூங்கியிருப்போம்.

@மேல்பர்த் அந்த ரப்பர் பேண்ட் யோசன நல்லா இருக்கு, ஆனா எனக்கு கதவே வேண்டாம்.

நாலாம்தளம்

அலைமகள்கா, கதவும் வேண்டாம் காந்தமும் வேண்டாம்னா வார்ட்ரோப் கம்பி இருக்கே. துணியால செஞ்ச அடுக்கு வரும், அஞ்சோ ஆறோ தட்டு, மேல வெல்க்ரோ பட்டை, கம்பிய சுத்தி ஒட்டிட்டா போதும், கொக்கியே கிடையாது. ஹேங்கர் கழட்ட முடியாத கப்பல்லயும் இது மாட்டும், ஏன்னா பட்டைதான சுத்துது. ரெண்டு பக்கமும் வார்ட்ரோப் செவுரு இருக்கறதால ஆட்டமும் கம்மி. வாங்கறதுக்கு முன்னாடி அகலம் பாத்துக்கோங்க, 30 சென்டிமீட்டருக்கு மேல போனா சட்டை மாட்ட இடம் மிஞ்சாது.

எங்களுக்கு அதுல ஒரு தட்டு ஒரு நாள். வீட்டுலயே அடுக்கி, அப்படியே தட்டையா மடிச்சு பெட்டியில வெச்சேன், கேபின்ல தூக்கி மாட்டினேன், முடிஞ்சுது. என் பொண்ணுக்கு ஆறு வயசு. மூணாவது நாள் காலையில நாங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடியே அவளே மூணாவது தட்டுல இருந்து எடுத்துப் போட்டுக்கிட்டு, கட்டில் ஓரத்துல ஷூவோட உக்காந்திருந்தா. இருட்டு கேபின்ல மணி என்னன்னே தெரியாது, "விடிஞ்சிருச்சாம்மா?"ன்னு கேட்டா. மணி நாலரை. ஈரமானது எதையும் அதுல வெச்சிராதீங்க, நீச்சல் உடைய நான் ஒரு தடவ வெச்சேன், மூடின வார்ட்ரோப்ல நாத்தம் எல்லா துணிக்கும் ஏறிருச்சு.

கரையோரம்

நாலாம்தளம் சொன்னதுதான் சரி. ஆனா சில கப்பல்ல கம்பி ரெண்டு பக்கமும் வெறும் பிளாஸ்டிக் தாங்கியில உக்காந்திருக்கும், கையால அழுத்திப் பாத்துட்டு மாட்டுங்க. ஜீன்ஸ் பூரா அதுல அடுக்காதீங்க.

மூணாம்வரிசை

இவ்ளோ நேரம் படிச்சுட்டு எழுதாம போக மனசில்ல. எல்லாரும் கழட்டிப் போடச் சொல்றீங்க, எனக்கு அந்த பாக்கெட் பை ஒரு ராத்திரி பெரிய உதவி பண்ணுச்சு.

எனக்குக் கடல் ஆட்டம் ஒத்துக்காது. வெளிய தெரியற கண்ணாடி பாக்கெட் வெச்சது, அதுல பாதிய வெட்டி எட்டு பாக்கெட் மட்டும் எடுத்துட்டுப் போனேன், கட்டில் பக்கத்து செவுத்துல ரெண்டு சின்ன காந்த ஹூக்ல. ஒரு ராத்திரி தலைய தூக்கவே முடியல, தூக்குனா வாந்தி. என் வீட்டுக்காரி நல்ல தூக்கம். லைட் போட்டா அந்த வெளிச்சத்துக்கே தல சுத்துது. கண்ண மூடிட்டு கைய நீட்டி பாக்கெட்ட எண்ணினேன், மேல இருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு, ஓரத்துல இருந்து ரெண்டாவது. மாத்திரை அட்டை கையில சரசரன்னுச்சு. பக்கத்து பாக்கெட்ல தண்ணி பாட்டில், சின்னது. படுத்த வாக்குலயே முழுங்கினேன். அவ வெச்ச இடம் அது. கிளம்பறதுக்கு முந்தின நாள் என் கையப் பிடிச்சு ஒவ்வொரு பாக்கெட்டா தொட்டுக் காட்டி, எதுல எது இருக்குனு ஒப்பிக்கச் சொன்னா, நான் அப்ப சலிச்சுக்கிட்டே சொன்னேன். அன்னிக்கு ராத்திரி அவள எழுப்பல.